ஆள் வரட்டும்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: நான், கலியபெருமாள், சைக்கிள் கேரியரில் துண்டு சுற்றிக் கட்டியிருந்த டேப் ரெக்கார்டர். வராதவர்: ஜோசபின். கிராமத்துக்கெல்லாம் பெண்ணை அனுப்ப முடியாது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கணக்கை எடுத்தவன் நானல்ல, யார் பேச்சைப் பதிவு செய்யப் போனோமோ அந்தப் பெரியவர்தான். வரப்பில் நின்றுகொண்டிருந்தவரிடம் வணக்கம் சொல்லி, கல்லூரியில் கொடுத்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாதையை எட்டிப் பார்த்தார்.

"மூணு ஆளு பேரு படிச்ச. ரெண்டு பேருதான் நிக்கிறீங்க."

"இன்னொருத்தர் வரலீங்க ஐயா. வீட்ல விடல."

"அப்ப அந்த ஆள் வரட்டும்."

"நாங்க ரெண்டு பேரே போதுங்க," என்று கலியபெருமாள் அவசரமாகத் துண்டை அவிழ்த்தான். "நீங்க பேசறது அப்படியே இதுல பதிவாயிடும். அந்தப் பொண்ணு அப்புறமா கேட்டுக்கும்."

அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இது திருப்பிக் கேள்வி கேக்குமா?"

"கேக்காதுங்க. மிஷின்தானே."

"அப்ப ஆள் வரட்டும்," என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார்.

டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. லாரி ஓடி ஓடிப் புழுதியான சாலையில், எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்பினோம். கலியபெருமாள் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தான். நான் திட்டவில்லை. அடுத்த முறை சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. நான் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டுமென்று ஒரு திட்டம் வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள், கொடி மாறி இந்தியாவோடு சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வர வேண்டும் என்பார். டேப் ரெக்கார்டர் அவருடைய சொந்தப் பொருள். இந்த வேலையை நன்றாக முடித்துக் கொடுத்தால் அடுத்த வருஷம் என்னைத் தனக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். உப்பளம் எங்கள் பேட்டை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "பேசறதப் புடிச்சு வெக்க ஒரு பெட்டி, அதுக்கு ஒரு படிப்பா?" என்று அப்பா கேட்டார். ஆனால் சம்பளம் வரும் என்றதும் சும்மா இருந்துவிட்டார்.

மற்ற பெரியவர்கள் யாரும் எங்களை இப்படி அலைக்கழிக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் போதும், பேசித் தீர்ப்பார்கள். எல்லைச் சாவடியில் துணியை வயிற்றில் சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்து கடத்தின கதையை ஒரு அம்மாள் நடந்தே காட்டினார். ஆனால் எல்லாக் கதையும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். கொடி மாறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அந்த ஊர் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து இந்தியக் கொடிகளையும் நோட்டீசுகளையும் ஒரு வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள். சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள், விடிகாலையில் வந்து போருக்கு நெருப்பு வைத்தார்கள். ஐந்து பேரில் கையில் கிடைத்த மூன்று பேரை அடித்த அடியில் ஒருவர் அப்புறம் நிமிர்ந்தே நடக்கவில்லை. நாலாவது ஆள் கரும்புத் தோட்டத்தில் விழுந்து தப்பினார். ஐந்தாவது ஆள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அந்த ஐந்தாவது ஆள்தான் அவர்.

"அவனக் கேளுங்க தம்பி," என்பார்கள் ஊரில், வெற்றிலையைத் துப்பிவிட்டு. "நல்லாச் சொல்லுவான். அன்னிக்கும் சொன்னான்ல?"

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எதிரில் இல்லாத ஆளைப் பெயர் சொல்லிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அவரைப் பற்றி எழுதுவதே அவருக்குப் பிடிக்காதுதான். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. உயிரோடு இருந்தபோது அவர் என்னைப் படுத்திய பாட்டுக்கு இதையாவது பொறுத்துக்கொள்ளட்டும்.

ஊரில் இல்லாமல் போனதற்கு அவரிடம் காரணம் இருந்தது. முந்தின ராத்திரி மனைவிக்கு வலி எடுத்து, மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கேதான் மூத்த பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தையோடு திரும்பி வருவதற்குள் இங்கே ஊர் கூடி முடித்துவிட்டது. போனவன்தான் சொல்லியிருக்கிறான், இல்லையென்றால் அன்றைக்கென்று ஏன் டவுனுக்குப் போகிறான் என்று பேசி அவருக்கு அபராதம் போட்டார்கள். அதைக் கட்டுகிற வரைக்கும் ஊரோடு ஒட்டு உறவு கிடையாது.

அவர் கட்டவில்லை. "நான் இல்லாதப்ப போட்டது. நான் இருக்கறப்ப போடுங்க, கட்டறேன்," என்றாராம். ஒரு தடவை போட்டதை மறுபடி போடுவது ஊருக்கு வழக்கமில்லை.

பிறகு கொடி மாறியது, கம்பெனிகள் வந்தன, ஊர்ப் பிள்ளைகளும் அவர் பிள்ளையும் ஒரே ஷிப்டில் வேலைக்குப் போனார்கள், ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பேச்சு வார்த்தையெல்லாம் இருந்தது. ஆனால் ஆடி மாதம் கூழ் வார்க்க வரி கேட்டு வருகிறவர்கள் பக்கத்து வீடு வரைக்கும் வந்துவிட்டு, அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். வரி கேட்கவில்லையே என்று ஒரு வீடு வருத்தப்படுவதை நான் அங்கேதான் பார்த்தேன். அவர் மனைவி ஒவ்வொரு வருஷமும் அந்தக் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நிற்பாராம். அவர்கள் போன பிறகு அவிழ்த்து டப்பாவில் போடுவாராம்.

இரண்டாம் முறை ஜோசபினையும் கூட்டிக்கொண்டு போனோம். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் பேராசிரியரே போய்ப் பேசி, அவள் அண்ணன் துணைக்கு வருவது என்ற ஏற்பாட்டில் அனுப்ப வைத்தார். மூன்று பெயர், மூன்று ஆள், மேலே துணைக்கு ஒரு அண்ணன். இனி என்ன சொல்வார் என்று தெம்பாகப் போனோம்.

"நீங்க வந்துட்டீங்க, சரி," என்றார். "நான் சொல்லப் போறது அஞ்சு பேரு விஷயம். மத்த நாலு பேரு எங்க?"

"அதுல மூணு பேர் செத்துட்டாங்களே ஐயா!"

"அவங்க புள்ளைங்க இருக்கறாங்க இல்ல? அவங்க வரட்டும். நாலாவது ஆளு நெல்லித்தோப்புல பொண்ணு வீட்ல இருக்கறான். அவனும் வரட்டும். களத்துல எல்லாரும் ஒக்காரட்டும், சொல்றேன்."

ஜோசபின் எங்களை மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. "ஐயா, நீங்க பேசுனத நாங்க கொண்டு போய் அவங்களுக்குப் போட்டுக் காட்டறோம். அவங்க பதிலையும் புடிச்சிட்டு வந்து உங்களுக்குப் போடறோம். அப்ப எதிர்ல இருந்த மாதிரிதானே?"

அவர் அவளை மதித்து யோசித்தார். அதுவே எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

"இல்ல பாப்பா. நான் சொல்றப்ப அவன் மூஞ்சிய நான் பாக்கணும். அவன் 'இல்லடா'ன்னா நான் அங்கயே நிறுத்தணும். பெட்டி நிக்காது, அது பாட்டுக்கு ஓடும்."

உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இந்த ஆளுகிட்ட மாட்டிக்கிட்டீங்களாம்மா? நான் முப்பது வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கறேன்."

இது அவர் ஊர் விஷயத்துக்காக மட்டும் வைத்திருந்த வீம்பு என்று நினைத்தால் தப்பு. அந்த வீட்டில் யாரும் யாரையும் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. ஒரு நாள் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அந்த அம்மாள், "எதிர் வீட்டுக்காரி என்னா பண்ணா தெரியுமா," என்று ஆரம்பித்தார்.

"அவ வரட்டும்."

"அவ வந்துட்டா அப்புறம் அவளப் பத்தி நான் எப்படிங்க பேசறது?"

"அப்ப பேசாத. வெங்காயத்த அரி."

பெரிய பையன் முதல் போனஸில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வந்தான். பாட்டு போட்டால் கேட்பார், தலைகூட ஆட்டுவார். செய்தி தொடங்கினால் கையை நீட்டித் திருகி அணைத்துவிடுவார். "அவன் பாட்டுக்கு ஒருத்தன இப்படிப் பண்ணான், அப்படிப் பண்ணான்னு சொல்லிட்டுப் போறான். அந்த ஆளு அங்க பக்கத்துல நிக்கறானா? நிக்கல. எதுக்குக் கேக்கணும்?" பையன் தலையில் அடித்துக்கொண்டு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான்.

மாடு வாங்கப் போன கதையை அந்த அம்மாள்தான் சொன்னார், அதுவும் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. பக்கத்து ஊரில் நல்ல கறவை விலைக்கு வந்ததாம். இவர் போன நேரம் மாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை, அவன் தம்பி இருந்தான். தம்பி நல்லவன். மாடு இடது காம்பில் கொஞ்சம் கம்மியாகத்தான் கறக்கும், சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தான். "உங்க அண்ணன் வரட்டும். அவன் மாட்டப் பத்தி அவன் இல்லாம நீ சொல்லாத," என்று இவர் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் போனால் மாடு கைமாறிவிட்டது.

"அந்த வருஷம் இந்த வீட்ல டீக்குப் பால் கெடயாது," என்றார் அம்மாள்.

"சொன்னது பூரா நெசம்," என்றார் அவர், எங்களிடம். "நான் இருக்கறப்ப சொன்னா இல்ல? தப்பா இருந்தா நான் நிறுத்தியிருப்பேன்." அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியருக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையில் இருந்த கேசட்டுகளில் ஊர் முழுக்க அவரைக் காட்டிக் கொடுத்தவர் என்று சொல்லியிருந்தது. அவர் குரல் ஒரு வரிகூட இல்லை. அதை அப்படியே கொடுத்தால் காகிதத்தில் ஏறிவிடும், அப்புறம் அதுதான் சரித்திரம். இதை அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அவங்க பேசனாங்கன்னு நானும் பேசவா?" என்று கேட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

சரி, நாலாவது ஆளையாவது பிடிப்போம் என்று நெல்லித்தோப்புக்குப் போனோம். ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுவரில் அவர் கழுத்தில் மாலையோடு நிற்கும் போட்டோக்கள். அவருடைய மகள் பெருமையோடு காட்டினாள். "அப்பாவுக்கு வருஷா வருஷம் மேடையில கூப்புட்டு மாலை போடுவாங்க. சொல்தாவுக்கே தண்ணி காட்டுனவரு!" போட்டோ பக்கம் அவர் திரும்பவே இல்லை. மகள் தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனதும், "அத ஓட விடு தம்பி," என்றார்.

முதலில் ஊர், வயல், சின்ன வயசுக் கூத்து எல்லாம் பேசினார். பிறகு குரல் இறங்கியது. சாவடியில் சொல்தாக்கள் அவருடைய அண்ணனைப் பிடித்து வைத்திருந்தார்களாம். வைக்கோல் போர் எது என்று சொன்னால் அண்ணனை விடுகிறோம் என்றார்களாம். "நான்தான் சொன்னேன். எங்கண்ணன விட்டுட்டாங்க. பழி அவன் மேல போச்சு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் நாளாக நாளாக அந்த ஊருக்கே போக முடியல."

கலியபெருமாள் என்னைப் பார்த்தான்.

"இத மொதல்ல அவனுக்குப் போட்டுக் காட்டுங்க," என்றார். "அவன் கேட்டப்புறம் யாருக்கு வேணாலும் போடுங்க, ஊருக்கே போடுங்க. ஆனா மொதல்ல அவன். சத்தியம் பண்ணு." நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றைக்கு நெல்லித்தோப்பிலிருந்து அந்த ஊருக்கு நாங்கள் மிதித்த வேகத்தை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. இருபத்தைந்து வருஷப் பழி. ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்துவிடும். வீட்டு வாசலிலேயே பெட்டியை வைத்து, "ஐயா, அவரே பேசியிருக்காரு. கேளுங்க," என்றேன்.

அவர் என் கையை, பொத்தானுக்கு மேலேயே, பிடித்துக்கொண்டார்.

"அவன் எங்க?"

"அவர் வரல. அவர் குரல் வந்திருக்கு."

"கொரல் எப்படிப்பா வரும், ஆள் வராம?"

"ஐயா, அவர் என்ன சொல்லியிருக்காருன்னா..."

"சொல்லாத." இவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே இருந்த அம்மாள் வெளியே வந்துவிட்டார். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "சொல்லாத தம்பி. அவன் இல்லாதப்ப அவனப் பத்தி ஒண்ணும் சொல்லாத. நல்லது, கெட்டது எதுவும். வரச் சொல்லு."

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ கேளேன்யா," என்றார். "எனக்காகக் கேளேன்." பெரியவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது கலியபெருமாள் சைக்கிளைப் போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். "நீ பண்ணதுடா சத்தியம், நான் பண்ணல. நான் போய் டீக்கடையில போட்டு வுடறேன்." ஜோசபின்தான் அவனிடமிருந்து பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

மறுபடி நெல்லித்தோப்பு. நாலாவது ஆளோ ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்றார். அவன் இங்கே வரட்டுமே என்றார். இவர், களத்தில்தான் பேச்சு, அங்கேதான் என்னைப் பற்றிப் பேசினார்கள் என்றார். இரண்டு கிழவர்களுக்கும் நடுவில் நாங்கள் தபால்காரர்கள் மாதிரி ஓடினோம். கடைசியில் நெல்லித்தோப்புக்காரர் இறங்கி வந்தார். பொங்கல் கழியட்டும், வருகிறேன் என்றார். செத்துப்போன மூன்று பேருடைய பிள்ளைகளையும் நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தோம். ஒருவர் நெல் வியாபாரி. "என்னா தம்பி, சினிமா எடுக்கறீங்களா? ஹீரோயின் யாரு, ஒங்க கூட வருதே அந்தப் பொண்ணா?" என்று கேட்டார். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பொங்கலுக்கு முன்னால் நெல்லித்தோப்புக்காரருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஒரு கையும் காலும் விழுந்து, பேச்சும் போனது.

நான் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் மகள் விடவில்லை. "அப்பா வாக்குக் குடுத்திருக்காரு. ஊர்ல அத்தன பேரும் ஒக்காந்து அவரு கதையக் கேக்கப் போறாங்க. பேச முடியலன்னாலும் பாக்கட்டும்," என்றாள். டேப்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வாடகைக் காரில், அவளும் அவள் கணவனும் நடுவில் அவரைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தார்கள்.

களத்தில் எல்லாரும் இருந்தார்கள். மூன்று வீட்டுப் பிள்ளைகள், பின்னால் வேடிக்கை பார்க்க ஊரில் பாதி. எங்கள் பெரியவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி ஒரு ஓரமாக, ஊர்ப் பெண்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நான் கேசட்டைப் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். ஆள் எதிரில் இருக்கிறார், குரல் பெட்டியில் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன கேட்க முடியும்?

பெரியவர் கார் அருகே போனார். காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபது, முப்பது வருஷமாகப் பார்க்காத முகம். அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"பேச வருதாடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மற்றவர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நல்ல கையைத் தூக்கி என் பக்கம், பெட்டியின் பக்கம், நீட்டினார்.

"போடச் சொல்றாரு!" என்று கத்தினான் கலியபெருமாள். "போடுடா!"

அவர் திரும்பி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு, தன் மேல்துண்டால் மற்றவருடைய வாயோரத்தைத் துடைத்தார். மகள், "எங்கப்பாவப் பத்திப் பேசுங்க பெரியப்பா, நீங்கதானே கூட இருந்தவரு," என்றாள். அவர் அவளைப் பார்த்தார், மாலை போட்ட போட்டோக்களையெல்லாம் அவள் முகத்திலேயே பார்த்துவிட்டவர் மாதிரி.

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆளு வந்துட்டான். பேச்சு வரல. எல்லாரும் போங்க."

நெல் வியாபாரி எழுந்து வேட்டியைத் தட்டினார். "தெரிஞ்ச கததானே. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இல்ல சொல்லுவான்?" யாரோ சிரித்தார்கள். களம் காலியாகத் தொடங்கியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வயசு வித்தியாசம் எல்லாம் மறந்து, "உங்களுக்கு என்னதான் வேணும்? எல்லாரையும் கூட்டியாந்தாச்சு. இதைப் போட்டா முடிஞ்சிடும், உங்களுக்குத் தெரியும்! உங்க சம்சாரம் அங்க நிக்கறாங்க பாருங்க!" என்று கத்தினேன்.

"அன்னிக்கு ஊரு பேசனப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்," என்றார். குரல் உயரவில்லை. "இவன் இங்கதான் இருக்கறான். ஆனா அந்தப் பெட்டி என்னா சொன்னாலும் இவனால இதுக்கு மேல ஒரு வார்த்த சேக்க முடியாது, ஒரு வார்த்த குறைக்க முடியாது. பொண்ணு வேற பக்கத்துல நிக்குது. அத எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட குடு. அவ அப்பன் கொரலு, அவ கிட்ட இருக்கட்டும்."

நான் கொடுக்கவில்லை. ஜோசபின்தான் பெட்டியைத் திறந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்காக அவளிடம் நான் ரொம்ப நாள் பேசவில்லை. அவர் மனைவி எல்லாருக்கும் முன்னால் வீட்டை நோக்கி நடந்து போய்விட்டார். கார் கிளம்புகிற வரைக்கும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, ஒருவரால் முடியாது, மற்றவர் முடிந்தும் பேசவில்லை.

பேராசிரியர் மீதிக் கேசட்டுகளைக் கேட்டுவிட்டு, முக்கியமான ஆள் எங்கே என்று கேட்டார். உதவியாள் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. எனக்குப் பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அப்பாவுக்கு அதுவே பெரிய விஷயம்.

நெல்லித்தோப்புக்காரர் அடுத்த வருஷம் இறந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த மகளிடம் போய்க் கேசட்டைக் கேட்டேன். முதலாவதாகக் கேட்க வேண்டியவர் கேட்க மறுத்துவிட்டார், இனி அந்தச் சத்தியம் என்னைக் கட்டுமா என்று எனக்கு நானே வாதம் செய்து தயாராகப் போயிருந்தேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். மாலை போட்ட போட்டோக்கள் சுவரில் அப்படியே இருந்தன.

"கேட்டுட்டேன் அண்ணே," என்றாள். "வயல் கத, கூத்துக் கத வரைக்கும் தெனம் போட்டுக் கேப்பேன். அதுக்கு அப்புறம் கேக்க மாட்டேன், அமத்திடுவேன். அப்பா கொரலு இது ஒண்ணுதான் இருக்கு. தர மாட்டேன்."

நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் போனார். கலியபெருமாள் வந்து சொன்னான், போனேன். காலையில் போன உயிர். மத்தியானம் ஆகியும் வாசலில் மேளம் இல்லை, பாடைக்கு மூங்கில் இல்லை. தெருக்கோடியில் ஊர்க்காரர்கள் கும்பலாக நின்றார்கள். கெட்டவர்கள் அல்ல. பாதிப் பேர் அழுதிருந்தார்கள். நெல் வியாபாரி என்னிடமே, "என்னா தம்பி பண்றது, அபராதக் கணக்கு நிக்குதே. கட்டிட்டா நாங்க வந்து தூக்கிடுவோம்," என்றார்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிறந்த மூத்த பிள்ளை, கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், வெளியே வந்தான்.

"கட்டாதடா," என்றார் அவன் அம்மா, உள்ளே இருந்தபடியே. "அவரு கட்டாதத நீ கட்டாத."

"பொழுது சாயுதும்மா. அப்பாவ எப்ப எடுக்கறது?" தெருக்கோடிக்குப் போனான். "எவ்வளவுய்யா? சொல்லுங்க. எவ்வளவு இருந்தாலும் பரவால்ல, கடன் வாங்கியாவது குடுத்துடறேன்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தொகை யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. விதித்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். கண் தெரியாத ஒரு கிழவரைத் திண்டாடிக் கூட்டி வந்து கேட்டார்கள். அவர் விரலை மடக்கி மடக்கி யோசித்துச் சொன்னார். இத்தனை வருஷத்துக்கு வட்டி எதுவும் வேண்டாம் என்று ஊர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது. பையன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பஸ் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்தே எடுத்துக் கொடுத்தான்.

பதினோரு ரூபாய்.